பள்ளியில் நாலு பேரோடு பழகாத பையன் பின்னாளில் குறைவாகத்தான் சம்பாதிப்பானா?

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் பிடித்தவனாக இருந்தவன் பிற்காலத்தில் அதிகம் சம்பாதிப்பான் என்று ஏதோ ஆய்வு சொல்கிறதாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால் நீங்கள் கேட்க வந்தது வேறு என்று தெரிகிறது. காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி, ஒரே பையன், பதினொன்றாம் வகுப்பு, தர்மபுரி பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளி, பத்தாவதில் நல்ல மார்க். லீவுக்கு வந்தால் ரூமை விட்டு வெளியே வருவதில்லை. கல்யாண வீட்டில் வைத்து உங்கள் மச்சினர் "பழகத் தெரியாதவன் மார்க்கை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார், அந்த ஆய்வுச் செய்தியையும் அவரே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஆக, பையனை ஹாஸ்டலிலிருந்து எடுத்து உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்துவிடலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் பொருளாதாரம் எம்.ஏ. படித்தவன். ஆனால் பிழைப்பு ஓசூர் சிப்காட்டில், தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் ஹெச்.ஆர். வேலையில், இருபது வருடத்துக்கும் மேலாக. படித்த காலத்துப் பழக்கம் விடாததால் வேலை, சம்பளம் பற்றி வரும் ஆய்வுக் கட்டுரைகளை இன்னும் தேடிப் படிக்கிறேன். உளவியல் என் துறை இல்லை, அதனால் பையனின் மனசு பற்றிப் பேசும் இடத்தில் நான் சொல்வதை ஓர் அண்டை வீட்டுக்காரன் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சினர் அனுப்பிய செய்தி பொய் இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற மாநிலத்தில் 1957இல் பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேரை, பத்தாயிரத்துச் சொச்சம் பேரை, அப்படியே பொறுக்கி எடுத்து, பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: பள்ளிக் கடைசி வருடத்தில் உங்கள் நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர் யார்? ஒவ்வொருவனின் பெயரையும் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி, அதைப் பல வருடம் கழித்து அவன் வாங்கிய சம்பளத்தோடு வைத்துப் பார்த்தார்கள். கான்டி, கலியோட்டி, மியூலர், பட்னி என்று நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் எழுதி 2013இல் ஒரு பொருளாதார இதழில் வெளியானது. எத்தனை பேர் பெயரைச் சொன்னார்கள் என்ற வரிசையில், நூறு பேரில் கீழிருந்து இருபதாவது இடத்தில் இருப்பவனை எண்பதாவது இடத்துக்கு நகர்த்தினால், ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து அவன் சம்பளம் பத்து சதவீதம் கூடுதலாக இருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

பத்து சதவீதம் என்பதை முதலில் ரூபாயில் பாருங்கள். முப்பதாயிரம் வாங்குகிறவனுக்கு மூவாயிரம். சின்னத் தொகை இல்லைதான், ஆனால் 'பழகத் தெரியாதவன் உருப்பட மாட்டான்' என்பதற்கும் இதற்கும் வெகு தூரம். இதே ஆய்வின் முந்தைய வடிவம் ஒன்றில் இன்னொரு கணக்கும் இருந்தது: ஒருவனை நண்பன் என்று கூடுதலாக ஒருவர் சொன்னால் சம்பளம் இரண்டு சதவீதம் ஏறுகிறது, ஒரு வருடம் கூடுதலாகப் படிப்பதால் வரும் லாபத்தில் இது ஏறக்குறைய நாற்பது சதவீதம். அதாவது அவர்கள் கணக்குப்படியே, கூடுதலாக ஒரு வருடம் படிப்பது ஒரு நண்பன் கிடைப்பதை விட இரண்டு மடங்குக்கும் மேல் பலன் தருகிறது. செய்தியைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் போட்டவர்கள் இந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்!

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. ஒருவன் எத்தனை பேரைத் தன் நண்பன் என்று சொன்னான் என்பதற்கும் சம்பளத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. எத்தனை பேர் அவனைத் தங்கள் நண்பன் என்று சொன்னார்கள் என்பதற்குத்தான் இருந்தது. ஊரெல்லாம் எனக்குத் தெரியும், எல்லாரும் என் தோஸ்த்து என்று சொல்லிக்கொண்டு திரிகிறவனுக்கு அதனால் காசு வரவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்தாலும், மூன்று பெயர் சொல் என்றால் எவன் பெயர் மற்றவர்கள் வாயில் வருகிறதோ அவனுக்கு வந்திருக்கிறது. உங்கள் பையன் விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியதும் இதைத்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சரி, இதில் எது உறுதி, எது சந்தேகம்? இரண்டும் சேர்ந்தே போகின்றன என்பது உறுதி. ஒன்றால்தான் மற்றது வந்தது என்பது உறுதி இல்லை. நல்ல வீட்டுச் சூழலில் வளர்ந்த பையன், தன் வகுப்பில் வயதில் சற்று மூத்தவன், புத்திசாலி, இவர்களைத்தான் அந்த வகுப்புகளில் அதிகம் பேர் நண்பன் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே குணங்கள் சம்பளத்தையும் ஏற்றும் அல்லவா? ஆய்வாளர்கள் படிப்பு, குடும்பம், புத்திக்கூர்மை இவற்றின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட்டார்கள், ஆனால் அளக்க முடிந்ததைத்தான் கழிக்க முடியும். அப்புறம், அந்த நண்பர் பெயர்களைக் கேட்டது பள்ளியில் வைத்து அல்ல, 1975இல். படிப்பு முடிந்து பதினெட்டு வருடம் கழித்து உங்கள் பள்ளி நண்பன் யார் என்று கேட்டால், இன்றைக்கு நல்ல நிலையில் இருப்பவன் பெயர்தான் சட்டென்று ஞாபகம் வரும் என்ற ஆபத்து இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு பேரிடம் மட்டும் கேட்டதால் எல்லா ஓட்டும் எண்ணப்படவில்லை என்ற குறையும் உண்டு, அதைப் புள்ளிவிவர முறையில் சரிக்கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கணக்கில் வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், கிட்டத்தட்ட எல்லாரும் வெள்ளைக்காரர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் வேலைக்குப் போனவர்கள். கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் நின்றுகொண்டு அதை அப்படியே நம் பையன்கள் மேல் பொருத்த முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் பிரித்துவிட வேண்டும். எல்லாருக்கும் பிடித்த பையன் வேறு, கெத்துக் காட்டுகிற பையன் வேறு. பதினொன்றாவதிலேயே பைக்கில் வந்து இறங்குபவன், வாத்தியாரை எதிர்த்துப் பேசுபவன், பின்னால் பத்துப் பேர் சுற்றுபவன் என்று ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவன் இருப்பான். அவனைத்தான் ஊர், 'நாலு பேரோடு பழகத் தெரிந்தவன்' என்று சொல்லும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலனும் அவர் குழுவும் 184 பிள்ளைகளைப் பதின்மூன்று வயதிலிருந்து இருபத்து மூன்று வயது வரை பின்தொடர்ந்து 2014இல் எழுதினார்கள். பதின்மூன்றில் வயசுக்கு மீறிப் பெரிய ஆள் மாதிரி நடந்துகொண்டு வகுப்பில் பேர் வாங்கியவர்களுக்கு அந்த மவுசு வெகு நாள் நிற்கவில்லை. இருபதைத் தாண்டியபோது குடி, போதை, சட்டச் சிக்கல் இவர்களிடம்தான் அதிகமாக இருந்தது, உறவுகளைக் காப்பாற்றிக்கொள்வதிலும் மற்றவர்களை விடப் பின்தங்கியிருந்தார்கள். 184 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஆனாலும் எங்கள் கேட்டில் வந்து நிற்கும் பையன்களைப் பார்த்த எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

எங்கள் கேட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்துப் பாலக்கோட்டிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வருகிற பையன்களுக்கு டிரெய்னி சம்பளம் எல்லாருக்கும் ஒன்றுதான். மார்க் உள்ளே வருவதற்கு மட்டும் உதவும். வித்தியாசம் இரண்டு மூன்று வருடம் கழித்து, லைன் லீடர் யார் என்று பேச்சு வரும்போதுதான் தெரியும். அதை நாங்கள் பெரிய பரீட்சை வைத்தெல்லாம் பார்ப்பதில்லை, ஷிப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் பார்த்துவைத்திருப்பார். ஒருவன் "ஓடுதுண்ணா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். இன்னொருவன், "மூணாவது மெஷின்ல ஸ்பிண்டில் சூடாகுது, வேகத்தைக் குறைச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன், நீயும் அப்படியே ஓட்டு, மெயின்டனன்ஸுக்குச் சொல்லியாச்சு, பதினோரு மணிக்கு வர்றேன்னாங்க" என்று அடுத்தவன் தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு, அவன் தலையாட்டினானா என்று பார்த்துவிட்டுப் போவான். லைன் லீடர் ஆகிறவன் இவன்தான், சம்பளம் பிரிய ஆரம்பிப்பதும் அந்த இடத்தில்தான். இவர்களில் நிறையப் பேர் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். கலகலவென்று பேச வராது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வரும், கேட்டால் உதவுவான், சொன்ன நேரத்துக்கு வருவான். மூன்று பெயர் சொல்லுங்கள் என்று அந்த ஷிப்டில் கேட்டால் இவன் பெயர் வரும்.

இதில் நீங்கள் கழித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் பார்த்தது வேலைக்கு வந்தவர்களை மட்டும். பழகத் தெரியாததாலேயே கேட் வரை வராமல் போனவன் என் கண்ணில் பட்டிருக்க மாட்டான். நன்றாகப் பழகத் தெரிந்து சொந்தமாகக் கடை போட்டு எங்களை விட அதிகம் சம்பாதிப்பவனும் பட்டிருக்க மாட்டான். அனுபவம் என்று சொல்பவர்கள் எல்லாரிடமும் இந்த ஓட்டை இருக்கிறது, உங்கள் மச்சினர் உட்பட.

ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன. குன், வைன்பெர்கர் என்ற இருவர் 2005இல் எழுதியது: பள்ளியில் விளையாட்டு அணிக்கு கேப்டனாகவோ சங்கத் தலைவராகவோ இருந்த வெள்ளை ஆண்கள், பரீட்சையில் அதே மதிப்பெண் எடுத்த மற்றவர்களை விட, பத்து வருடம் போலக் கழித்து நான்கிலிருந்து முப்பத்து மூன்று சதவீதம் வரை அதிகம் சம்பாதித்தார்கள். நான்கு எங்கே, முப்பத்து மூன்று எங்கே! யாரைத் தலைவன் என்று எண்ணுகிறோம், எந்தக் காலத்தை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை அவ்வளவு மாறுகிறது. இந்த மாதிரி எண்கள் வரும்போது திசையை நம்பலாம், அளவை நம்பிப் பையனின் பள்ளியை மாற்றக் கூடாது. டேவிட் டெமிங் 2017இல் காட்டியதும் கவனிக்க வேண்டியது: 1980க்கும் 2012க்கும் இடையில் அமெரிக்காவில், மனிதர்களோடு அதிகம் ஊடாட வேண்டிய வேலைகளின் பங்கு மொத்த வேலைகளில் ஏறக்குறைய பன்னிரண்டு சதவீதப் புள்ளி கூடியிருக்கிறது. கணக்கு மட்டும் தெரிந்து ஆட்களோடு பேச வேண்டாத வேலைகள் குறைந்திருக்கின்றன. மச்சினர் சொன்னதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

ஆனால் நம் பக்கத்தில் எத்தனை நண்பர்கள் என்பதை விட, அந்த நண்பர்கள் எங்கே போகிறார்கள் என்பது பெரிய விஷயம். ஒரு ஊரில் ஒரு செட்டு பையன்கள் பத்தாவது முடித்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ பேக்கரிக்கோ கிளம்பினால், எல்லாருக்கும் பிடித்தவன்தான் முதலில் பஸ் ஏறுவான், ஏனென்றால் அவனைத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கையில் சீக்கிரம் காசு வரும். பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே கூலியில்தான் நிற்பான். யாரும் கூப்பிடாததால் பாலிடெக்னிக்குக்குப் போனவன் மாதச் சம்பளத்தில் அவனைத் தாண்டியிருப்பான். இது நானாகச் சொல்லும் கதை இல்லை. மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளை வைத்து முன்ஷி, ரோசன்ஸ்வைக் இருவரும் 2006இல் எழுதியதில், தொழிலாளர் வேலைகளில் வலுவான சாதி வலைப்பின்னல் இருந்த வீடுகளில் பையன்கள் மராத்தி வழியிலேயே படித்து அதே வேலைகளுக்குப் போனார்கள். அந்த வலைப்பின்னலால் பெண்களுக்கு வேலை கிடைத்ததில்லை, அதனால் அவர்களைக் கட்டிப்போட எதுவும் இருக்கவில்லை, அதே வீட்டுப் பெண்கள் ஆங்கில வழிக்கு மாறினார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். ஆள் பலம் ஆளைக் கீழேயே பிடித்துவைக்கவும் செய்யும்.

மறுபக்கமும் உண்டு. ஓசூரில் பாதி வேலை சிபாரிசில்தான் நகர்கிறது, 'அண்ணா, நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான்' என்று உள்ளே இருப்பவன் சொல்வான். கொல்கத்தாவில் பீமன், மக்ரூடர் இருவரும் ஒரு சோதனை செய்து 2012இல் எழுதினார்கள். வேலைக்கு ஆள் கூட்டி வந்தால் போதும், பணம் என்று சொன்னபோது சொந்தக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். வருகிற ஆள் நன்றாக வேலை செய்தால்தான் பணம் கூடும் என்றபோது சொந்தக்காரர்கள் குறைந்து, கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். எவன் வேலைக்கு ஆவான் என்று கூட இருப்பவர்களுக்குத் தெரியும். கேட்கிற விதத்தில் கேட்டால் அவன் பெயரைச் சொல்வார்கள், கலகலப்பானவன் பெயரை அல்ல. 2022இல் ராஜ் செட்டி குழு ஏழு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் ஃபேஸ்புக் நட்புகளை ஆராய்ந்ததில் வந்ததும் இதன் உறவுதான். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு நட்பு எவ்வளவு இருக்கிறது என்பது, அந்த ஊர்ப் பிள்ளைகள் பின்னாளில் முன்னேறுவதோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. நட்பு வட்டம் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கிறது என்பதோ, ஊர்ப் பொதுக் காரியங்களில் எவ்வளவு ஈடுபாடு என்பதோ அந்த அளவுக்குப் பொருந்தவில்லை. இதுவும் சேர்ந்து போகிறது என்பதுதான், காரணம் என்று நிரூபித்ததாக ஆகாது.

பெண் பிள்ளைகளை வைத்து யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. விஸ்கான்சின் கணக்கில் பெண்களே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களின் பெயரும் குழந்தைத் திருமணச் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. இங்கே நாலு பேரோடு நன்றாகப் பழகுகிற பெண்ணுக்கு அதுவே படிப்பை நிறுத்தக் காரணமாகிவிடுவதை நான் வேலைக்கு வரும் பெண்களிடமே கேட்டிருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் சம்பளத்தைத் தீர்மானிப்பது பள்ளியில் எத்தனை தோழிகள் என்பதல்ல, பன்னிரண்டாவதுக்குப் பிறகு வீட்டில் வெளியூர் அனுப்புகிறார்களா என்பது.

இனி உங்கள் பையன். ஹாஸ்டல் பள்ளியில் விடிவதற்கு முன் எழுப்பி ராத்திரி பத்து வரை உட்காரவைத்தால், லீவில் வந்த பையன் ரூமுக்குள் கிடப்பதில் அதிசயம் இல்லை, அது முக்கால்வாசி தூக்கக் கடன். எத்தனை நண்பர்கள் என்று அவனைக் கேட்காதீர்கள். அடுத்த முறை பார்க்கப் போகும்போது வார்டனையோ வகுப்பு ஆசிரியரையோ தனியாகப் பிடித்து, சந்தேகம் கேட்க இவனிடம் யாராவது வருகிறார்களா, சாப்பிட யாரோடு போகிறான், காய்ச்சல் என்றால் யார் வந்து சொல்வார்கள் என்று கேளுங்கள். ஒரு பெயர், இரண்டு பெயர் வந்தால் போதும். விஸ்கான்சினிலும் கேட்டது மூன்று பெயர்தான்.

பேசும் பழக்கம் வர வேண்டும் என்றால் அதற்கு உங்களிடமே ஆய்வு சொல்வதை விட நல்ல இடம் இருக்கிறது. மே, ஜூனில் பெங்களூரா மாங்காய் லோடு இறங்கும்போது அவனை மண்டியில் எடைச் சீட்டு எழுத உட்காரவையுங்கள். கழிவு எவ்வளவு என்று விவசாயி சண்டை பிடிப்பார், லாரி டிரைவர் அவசரப்படுத்துவார், மாங்கூழ் ஃபேக்டரிக்காரன் போனில் கத்துவான். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிப் பழகியவனுக்கு ஷிப்ட் மாறும்போது வாய் வராமல் போகாது. முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் இருங்கள், தப்பாக எழுதினால் எல்லார் முன்னாலும் திட்டாதீர்கள், ஏற்கெனவே கல்யாண வீட்டில் வாங்கியது போதும்.

பள்ளி மாற்றுவது பற்றி: நண்பன் இல்லை என்பதற்காக மட்டும் என்றால், பதினொன்றின் நடுவில் மாற்றாதீர்கள். புது இடத்தில் எல்லாரும் ஏற்கெனவே செட்டு சேர்ந்திருப்பார்கள், இருக்கிற ஒன்றிரண்டும் போய்விடும். ஆனால் யாராவது அவனை அடிக்கிறார்கள், கேலி செய்து ஒதுக்குகிறார்கள், சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை என்று தெரிந்தால், அப்போது மார்க்கையும் பார்க்காதீர்கள், பின்னாள் சம்பளத்தையும் பார்க்காதீர்கள். உடனே கூட்டி வந்துவிடுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். வெறும் நண்பன் இல்லாத குறையா, இப்படி ஏதாவது தொல்லையா என்பதை அவனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.